பயிற்சியாளர் மீது பாலியல் புகார்: பிள்ளை சொன்ன இரவிலிருந்து சாட்சிக் கூண்டு வரை குடும்பத்தார் செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருத்தி தன் 15ஆம் வயதில், தனக்குப் பயிற்சி அளித்தவரே தன்னிடம் தவறாக நடந்துகொண்டதை எங்களிடம் சொன்னாள். எந்தக் கதவைத் தட்டுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. விளையாட்டுச் சங்கத்தின் பொறுப்பாளர் ஒருவரிடம் போனோம். “நாங்களே விசாரிக்கிறோம், போலீஸுக்குப் போனால் பிள்ளையின் பெயர்தான் கெடும்” என்றார். நம்பிக் காத்திருந்தோம். அப்படிக் காத்திருந்த 11 நாள்களைப் பற்றித்தான் பின்னால் குறுக்கு விசாரணையில் எங்களை மிகுதியாகக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் இதே நிலையில் நிற்கும் இன்னொரு குடும்பம் அந்த 11 நாள்களை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் வழக்குரைஞர் அல்ல. நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவற்றையே சொல்கிறேன்.

எங்கள் ஊர், அந்த விளையாட்டு, அவள் எனக்கு என்ன உறவு ஆகிய எதையும் இங்கே சொல்லவில்லை. குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலையும், குடும்ப விவரத்தைக்கூட, ஊடகத்தில் வெளியிடுவதைப் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. நீங்களும் முதல் நாளிலிருந்தே இதைக் கடைப்பிடியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஆத்திரத்தில் போடும் ஒரு பதிவு உங்கள் பிள்ளைக்கே எதிராகத் திரும்பும்.

1. பிள்ளை சொன்ன இரவு: கேளுங்கள், எழுதி வையுங்கள், எதையும் துவைக்காதீர்கள்

பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் ஒரே ஒரு முறை கேளுங்கள். சித்தப்பாவிடம் ஒரு முறை, மாமாவிடம் ஒரு முறை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சிறு வேறுபாடு வரும், அந்த வேறுபாட்டைத்தான் எதிர்த்தரப்பு தேடும். அவள் பயன்படுத்திய சொற்களையே, நீங்கள் நாகரிகப்படுத்தாமல், தேதியுடன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

சம்பவம் அண்மையில் நடந்ததாக இருந்தால் அன்று அணிந்திருந்த உடைகளைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் போடாமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். மருத்துவமனைக்குப் போக எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. அவசரச் சிகிச்சைக்கு எந்த மருத்துவரும் காவல்துறைக் கடிதத்தையோ நீதிமன்ற உத்தரவையோ முன்நிபந்தனையாகக் கேட்கக் கூடாது என்று போக்சோ விதிகள் 2020 சொல்கின்றன. கருத்தடை மாத்திரை போன்றவற்றுக்கு 72 மணி நேரக் கெடு இருப்பதால் விடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

2. எந்தச் சட்டம் என்பதை வயது தீர்மானிக்கிறது

சம்பவம் நடந்த நாளில் 18 வயது நிறையவில்லை என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். இச்சட்டம் ஆண் பிள்ளைகளுக்கும் சமமாகப் பொருந்தும். குழந்தையின் நம்பிக்கைக்குரிய இடத்தில் அல்லது அதிகாரத்தில் இருப்பவர் குற்றம் செய்தால் அதைக் கடுமையான வகைக் குற்றமாகச் சட்டம் கருதுகிறது. பயிற்சியாளர், விடுதிக் காப்பாளர், உடற்கல்வி ஆசிரியர் ஆகியோர் இந்த வகையில் வருவார்கள். ஆகவே “அவர்தான் தினமும் இவளுக்குப் பயிற்சி கொடுத்தார், அணிக்கு யார் போவது என்று முடிவு செய்தவரும் அவரே” என்பது புகாரில் தெளிவாக இடம்பெற வேண்டும். எங்கள் முதல் மனுவில் அந்த வரி விடுபட்டுப் போனது.

பிள்ளை இப்போது பெரியவளாகிவிட்டாள், சம்பவம் பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்றாலும் புகார் கொடுக்கலாம். போக்சோ குற்றங்களைத் தெரிவிக்கக் காலக்கெடு இல்லை என்று 2018இல் மத்திய சட்ட அமைச்சகம் தெளிவுபடுத்தியது. 2021 மே மாதம் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர், 19 வயது வீராங்கனை கொடுத்த புகாரின் பேரில் போக்சோ சட்டத்தில் கைது செய்யப்பட்டார். அதன் பிறகு வேறு பெண்களும் முன்வந்தார்கள்.

18 வயது நிறைந்த பெண் என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகள் உண்டு. 74ஆம் பிரிவு மானபங்கம் குறித்தது, 75ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தல் குறித்தது, 78ஆம் பிரிவு பின்தொடர்தல் குறித்தது. 2024 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் நடந்திருந்தால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள் வரும். இவற்றோடு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். 18 வயது நிறைந்த ஆண் வீரருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு குறைவாகவே இருக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் தாக்குதல், மிரட்டல், சட்டவிரோதமாக அடைத்து வைத்தல் ஆகிய பிரிவுகளின் வழியேதான் போக வேண்டியிருக்கும்.

பாலியல் தொடர்பில்லாத அடி உதை, பட்டினி போடுதல் போன்ற கொடுமைகளுக்குச் சிறார் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவு இருக்கிறது. குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்புள்ள நிறுவனத்தின் ஊழியர் செய்தால் 5 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். “கோச் என்றால் நாலு அடி அடிக்கத்தான் செய்வார்” என்ற பேச்சைச் சட்டம் ஏற்கவில்லை.

3. ஆவணங்கள்: பிள்ளையின் பயிற்சி நோட்டிலிருந்து தொடங்குங்கள்

புகாருக்கு முன் எல்லாம் சேர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ஆதார் ஆகிய மூன்றின் நகல் முதல் நாளுக்குப் போதும். பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் என்றால் சாதிச் சான்றிதழையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தால் விசாரணையைத் துணைக் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி நடத்த வேண்டும், தனி நிவாரணத் தொகையும் உண்டு.

விளையாட்டுத் துறைக்கே உரிய ஒரு கண்ணி வயது விஷயத்தில் இருக்கிறது. வயதுப் பிரிவுப் போட்டிகளுக்காகப் பிறந்த தேதியை மாற்றி வயதைக் குறைத்துப் பதிவு செய்யும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. பயிற்சியாளரே அதைச் செய்து கொடுத்திருப்பார். பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழில் வேறு தேதி என்று இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் பிடிப்பார். வயதை உறுதி செய்யப் பள்ளிச் சான்றிதழையும், அது இல்லாதபோது உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழையும், இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்புச் சோதனையையும் பார்க்கும்படி சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு முரண்பாடு இருந்தால் மறைக்காமல், யார் சொல்லி மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து, உண்மையான தேதியை முதல் வாக்குமூலத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எங்களுக்குப் பெரிதும் உதவியது ஒரு நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. எங்கள் பிள்ளை தினமும் என்ன பயிற்சி செய்தாள், எத்தனை முறை செய்தாள் என்று அதில் நீல மையில் எழுதி வந்திருந்தாள். ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமையில் “கால் வலி, போகவில்லை” என்று மட்டும் இருந்தது, அடுத்த ஐந்து பக்கங்களில் தேதி மட்டும் இருந்தது. சம்பவம் நடந்த நாள் எது என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியாதபோது, அந்த வெற்றுப் பக்கங்களும், அதே வாரத்தில் நடந்த போட்டியின் பங்கேற்புச் சான்றிதழும், ரயில் டிக்கெட்டும் சேர்ந்துதான் தேதியை நிறுத்தின. ஆகவே பயிற்சி நோட்டு, போட்டி அட்டவணை, கேம்ப் அழைப்புக் கடிதம், தங்கும் அறை ஒதுக்கீட்டுப் பட்டியல், பயணச் சீட்டு ஆகிய எல்லாவற்றையும் தேடி எடுங்கள்.

கைப்பேசியில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள். வேறு கைப்பேசிக்கு மாறாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட்டை அச்சிட்டு நீட்டினால் மட்டும் போதாது. பாரதிய சாக்‌ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவுடன் கருவிக்கு உரியவரும் நிபுணரும் கையெழுத்திடும் இரண்டு பகுதிச் சான்று தேவை. அதை விசாரணை அதிகாரி மூலம் பெறுவதே எளிது. கைப்பேசியை ஒப்படைக்கும்போது அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

4. காவல் நிலையம்: சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வராதீர்கள்

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போவது வழக்கம் என்றாலும், எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்யக் கடமைப்பட்டது. சம்பவம் வெளியூர்ப் போட்டியிலோ வேறு மாநில கேம்ப்பிலோ நடந்திருந்தால் “அங்கே போய்க் கொடுங்கள்” என்பார்கள். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி எல்லை எதுவானாலும் பதிவு செய்துவிட்டு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் புகார் அனுப்பலாம், ஆனால் 3 நாள்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

நாங்கள் ஏமாந்தது இந்த இடத்தில்தான். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஒரு சிறிய ரசீதைக் கொடுத்து “பதிவு பண்ணியாச்சு, கூப்பிடுவோம்” என்று அனுப்பினார்கள். அது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீது. அது முதல் தகவல் அறிக்கை அல்ல. எஃப்.ஐ.ஆர். என்றால் குற்ற எண், ஆண்டு, சட்டப் பிரிவுகள் ஆகியவை இருக்கும், அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். பிரிவுகளில் போக்சோ இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே எழுந்திருங்கள்.

பதிவு செய்ய மறுத்தால் அதே மனுவை அன்றே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமாக இருந்தால் ஆணையர் அலுவலகத்துக்கு, சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம். போக்சோ சிறப்பு நீதிமன்றம் புகாரை நேரடியாகவும் ஏற்கலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் பேசினால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் உடன் வருவார். அவர் வந்த பிறகுதான் எங்கள் புகார் எஃப்.ஐ.ஆர். ஆனது. பள்ளி உடற்கல்வி ஆசிரியர் மீதான புகார் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் உண்டு, ஆனால் அதைக் காவல் நிலையத்துக்கு மாற்றாக எண்ணாதீர்கள்.

வாக்குமூலத்துக்குப் பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். “தவறாக நடந்தார்” என்ற பொதுச் சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டால், குற்றத்தின் வகையும் தண்டனையும் குறைந்துவிடும்.

5. எஃப்.ஐ.ஆருக்குப் பிந்தைய சில நாள்கள்

24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். வழக்கு முழுவதும் கூட வரும் ஆதரவு நபரை நியமிக்கும் அதிகாரம் அந்தக் குழுவிடம் இருக்கிறது. அதை நீங்களே எழுத்தில் கேளுங்கள், கேட்காவிட்டால் கிடைக்காமலும் போகலாம்.

பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான், பெற்றோர் அல்லது அவள் நம்பும் ஒருவரின் முன்னிலையில் பரிசோதிக்க வேண்டும். இரு விரல் சோதனை செய்யக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிபடச் சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. அடுத்து நடுவர் முன் தரும் வாக்குமூலம் வரும். அதற்கு முன் “இப்படிச் சொல், அப்படிச் சொல்” என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். மறந்ததை மறந்துவிட்டது என்றே சொல்லலாம் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள்.

புலன்விசாரணையை இரண்டு மாதங்களில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், எங்களுக்கு ஐந்து மாதங்கள் ஆயின. கைது, ஜாமீன் மனு, குற்றப்பத்திரிகை ஆகியவற்றை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது காவல்துறையின் கடமை. ஜாமீன் மனு வரும் நாளில் நீங்கள் நீதிமன்றத்தில் இருந்தே ஆக வேண்டும். பிள்ளையை நெருங்கக் கூடாது, அவள் பயிலும் மைதானத்துக்கு வரக் கூடாது என்ற நிபந்தனைகளைக் கேட்பதற்கு அதுவே சந்தர்ப்பம்.

6. வழக்கறிஞரும் செலவும்

வழக்கை நடத்துபவர் அரசுச் சிறப்பு வழக்கறிஞர். அவருக்குக் கட்டணம் இல்லை. அவருக்குத் துணையாக உங்களுக்கென ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளப் போக்சோ சட்டத்தின் 40ஆம் பிரிவு உரிமை தருகிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு பக்க மனுவும் ஆதார் நகலும் கொடுத்தால் போதும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இலவச வழக்கறிஞர் என்றால் அக்கறை இருக்காது என்று பலர் சொல்லக் கேட்டு நாங்கள் நான்கு மாதம் தயங்கினோம். எங்களுக்கு வந்தவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தார்.

உண்மையான செலவு வேறு இடத்தில் வருகிறது. நகல், அச்சு, ஆட்டோ, பேருந்து என்று முதல் இரண்டு மாதங்களிலேயே எங்களுக்கு 6,000 ரூபாய்க்கு மேல் ஆனது. வேலைக்குப் போகாத நாள்களின் கூலி அதைவிடப் பெரிது.

தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால இழப்பீடு கேட்டுச் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போடலாம். உத்தரவு கிடைத்த 30 நாள்களுக்குள் தொகை வழங்கப்பட வேண்டும். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் இப்போதே தொடங்குங்கள். அது இல்லாததால் எங்கள் தொகை இரண்டு மாதம் தாமதமானது.

7. உள்ளகப் புகார்க் குழு: கூடுதல் வழி, மாற்று வழி அல்ல

விளையாட்டு நிறுவனம், மைதானம், போட்டி நடக்கும் இடம் ஆகிய எல்லாமே பணியிடம் என்று நான் முன்பு குறிப்பிட்ட 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பெயர் சொல்லியே வரையறுக்கிறது. பாதிக்கப்பட்ட பெண் அங்கே சம்பளம் வாங்குபவராக இருக்க வேண்டியதில்லை, எந்த வயதினராகவும் இருக்கலாம். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதங்களுக்குள், நிறுவனம் அமைத்திருக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழுவிடம் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை அனுமதிக்கலாம். மனுவையும் ஆவணங்களையும் ஆறு படிகளாகத் தர வேண்டும், சாட்சிகளின் பெயர், முகவரியும் வேண்டும். விசாரணை 90 நாள்களில் முடிய வேண்டும், இரு தரப்பிலும் வழக்கறிஞர் ஆஜராக முடியாது.

அகாடமியின் உரிமையாளரே குற்றம் சாட்டப்பட்டவர் என்றால், அல்லது அங்கே 10 பேருக்கும் குறைவாகவே வேலை செய்கிறார்கள் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு எழுதுங்கள். தனியார் பயிற்சி மையங்களில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. உள்ளகக் குழுவின் தலைவர் பெண்ணாகவும், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். புகார் வந்த பிறகு அவசரமாக அமைக்கப்பட்ட குழு என்றால் அமைப்பு ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

பயிற்சியாளரை விலக்கி வைக்க இந்த வழி உதவும். ஆனால் பிள்ளை 18 வயதுக்குக் குறைந்தவள் என்றால் “கமிட்டி விசாரிக்கட்டும், அதுவரை போலீஸ் வேண்டாம்” என்று சொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை. குற்றம் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை, தனக்குக் கீழே பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை என்று போக்சோ சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. இதை அன்றைக்கே நான் அறிந்திருந்தால் அந்தப் பொறுப்பாளரின் அறையிலிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போயிருப்பேன்.

2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கையையும் குறைதீர்ப்பு ஏற்பாட்டையும் பற்றிப் பேசுகிறது. அது வரவேற்கத்தக்கது, ஆனால் அதற்காகக் குற்றப் புகாரை ஒரு நாள்கூட நிறுத்தி வைக்க வேண்டாம்.

8. சமரசம் பேச வருவார்கள்

எங்கள் வீட்டுக்கு ஜாமீன் கிடைத்த மறுவாரமே வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் எங்கள் பிள்ளையோடு விளையாடிய இன்னொரு பெண்ணின் தந்தை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி இடம் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். எதிலும் கையெழுத்திடாதீர்கள், வெற்றுத் தாளில் நிச்சயமாகக் கூடாது. ஓர் ஆசிரியர் மீதான இத்தகைய வழக்கை இரு தரப்பும் சமரசம் ஆகிவிட்டதால் ரத்து செய்த உயர் நீதிமன்ற உத்தரவு செல்லாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே “எழுதிக் கொடுத்தால் வழக்கு முடிந்துவிடும்” என்பது உண்மையும் அல்ல. வந்தவர் பெயர், தேதி, நேரம், பேசியது ஆகியவற்றைக் குறித்து விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். மானநஷ்ட நோட்டீஸ் வந்தால் பயப்படாமல் உங்கள் வழக்கறிஞரிடம் சேர்த்துவிடுங்கள். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுத்த புகார் அவதூறாகாது.

9. சான்றிதழ்களை மீட்டெடுங்கள்

மூலச் சான்றிதழ்களைப் பயிற்சியாளரே வைத்திருப்பது இங்கே வழக்கம். புகார் கொடுத்த பிறகு அவை காணாமல் போகும். இயன்றால் புகாருக்கு முன்பே, “கல்லூரி விண்ணப்பத்துக்கு வேண்டும்” என்று சொல்லி வாங்கிவிடுங்கள். முடியாவிட்டால் அவர் வசம் உள்ள சான்றிதழ்களின் பட்டியலைப் புகாரிலேயே சேர்த்து, மீட்டுத் தரக் கோருங்கள். அரசு விளையாட்டு விடுதி என்றால் வேறு விடுதிக்கு மாற்றக் கோரும் மனுவைக் குழந்தைகள் நலக் குழுவின் வழியாக அனுப்பினால் விரைவாக நடக்கிறது. அடுத்த தேர்வில் காரணமின்றி விடுபட்டால், அரசு அமைப்பாக இருந்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனுப் போட்டுத் தேர்வுப் பதிவேட்டைக் கேளுங்கள். 30 நாள்களில் பதில் தர வேண்டும்.

10. நீதிமன்றத்தில்

குழந்தையின் சாட்சியத்தை நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 35ஆம் பிரிவு. எங்கள் வழக்கு 2 ஆண்டுகள் 4 மாதங்கள் நடந்தது. போட்டிகள், பொதுத்தேர்வுகள் ஆகியவற்றின் தேதிகளை அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கொடுங்கள். அதைக் கருதி வாய்தா கேட்பார்.

விசாரணை மூடிய அறையில் நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவரைப் பிள்ளை பார்க்க வேண்டியதில்லை, திரையோ காணொலியோ கேட்கலாம். எதிர்த்தரப்பின் கேள்விகள் நீதிபதி வழியாகவே வர வேண்டும், இடையில் ஓய்வு கேட்கலாம். இவை எல்லாம் சட்டத்தில் இருந்தாலும் கேட்டால்தான் நடக்கின்றன. சாட்சியத்துக்கு முன் ஒரு நாள் பிள்ளையை அழைத்துப் போய் வெறும் அறையைக் காட்ட அனுமதி கேளுங்கள். எங்கள் பிள்ளை அன்று கூண்டுக்கும் வாசலுக்கும் இடையிலான தூரத்தை நடந்து பார்த்து, “பதினாலு எட்டு” என்றாள். சாட்சியம் சொன்ன நாளில் அந்தத் தூரத்தை யார் கையையும் பிடிக்காமல் நடந்து போனாள்.

தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். மேல்முறையீட்டுக்கான கெடு ஓடத் தொடங்கிவிடும். பயிற்சியாளரின் உரிமத்தையும் உறுப்பினர் தகுதியையும் நீக்கக் கோரி மாநிலச் சங்கத்துக்கும் தேசியக் கூட்டமைப்புக்கும் எழுதும்போது, பிள்ளையின் பெயரை மறைத்த நகலையே இணைத்து அனுப்புங்கள்.